தாவீது வீட்டு விறகு

ஆலயம் எரிந்த இருபத்திரண்டாம் வருஷம், திராட்சைக் கொடிகளில் பாதியைப் பிடுங்கிப் போடச் சொல்லி ரோம ராயனிடமிருந்து கட்டளை வந்த வருஷம், நம் மூப்பர் வீட்டுக் கிணறு முதல்முறையாக வற்றி அவர் மருமகள்கள் குடத்தோடு நம் வாசலில் வந்து நின்ற வருஷம், தம்மூஸ் மாதம் பதினெட்டாம் நாள் காலை, தெக்கோவாவிலிருந்து.

கப்பல் வந்து போகும் பட்டணத்தில் செம்பு தட்டும் என் மகனுக்கும், அவன் வீட்டுக்காரிக்கும், தொட்டிலில் கிடக்கும் சின்னவனுக்கும் சமாதானம். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் பல்லோடும் இருக்கிறோம், பல் உன் அம்மாவுக்குத்தான் கூடுதல். நீங்கள் மூவரும் அங்கே சுகமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறோம். உன் பெயரையும் நீ இருக்கும் பட்டணத்தின் பெயரையும் எழுதச் சொல்லவில்லை, அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே, காரணம் பின்னால் வரும். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான், எழுதுவது உன் அத்தை மகன் யூஸ்து. நான் சொல்வதை அப்படியே எழுதுகிறானா, இடையில், சிலுவையில் மாண்டவரை ராஜா என்று சொல்லும் அவன் நசரேயர் கூட்டத்துப் பிரசங்கத்தைச் சொருகுகிறானா என்று பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் எழுதியதை எழுதியபடி திரும்ப வாசிக்கச் சொல்வேன், நான் சொன்ன சொல் எது, அவன் சொன்ன சொல் எது என்று எனக்கு மறக்காது.

உன் கடிதத்தை உலர்ந்த திராட்சை வியாபாரி போன வாரம் கொண்டுவந்தான். பையன் பிறந்த செய்தியை யூஸ்து வாசித்ததும் உன் அம்மா மாவுக் கையோடு எழுந்துபோய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள், அதற்குள் அடுப்பில் ரொட்டி கருகிவிட்டது, கருகின ரொட்டியைத்தான் பேரன் பிறந்த விருந்து என்று தின்றோம். எட்டாம் நாள் விருத்தசேதனம் ஒழுங்காக நடந்ததா, யார் மடியில் வைத்திருந்தார்கள் என்று நீ எழுதவில்லை, அதை எழுது. மருமகளுக்கு வெந்தயம் போட்ட கஞ்சி கொடு, பால் ஊறும். குழந்தையைப் பட்டறைப் பக்கம் கொண்டுவராதே, அந்தப் புகை உனக்கே இருமல் கொடுக்கிறது என்று எழுதியிருக்கிறாய், பிஞ்சு நெஞ்சு என்ன ஆகும். நம் வெள்ளாடு இரட்டைக்குட்டி போட்டது, ஒன்று நொண்டி, அதையும் உன் அம்மா வளர்க்கிறாள். அத்தி இந்த வருஷம் முன்காய் நன்றாகவே வந்தது.

இனி நீ எழுதிக் கேட்ட விஷயம். தாவீது வீட்டாரைத் தேடுகிறார்கள், அந்த வீட்டிலிருந்து ஒரு ராஜா எழும்புவான் என்று நம் தீர்க்கதரிசிகள் சொன்னது ரோமக்காரன் காது வரை போய்விட்டது, எப்ரோன் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆமாம் என்று சொன்னதற்குச் செசரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை, அதனால் யாராவது கேட்டால் சிமியோன் கோத்திரம் என்று சொல்லிவிடுங்கள், விறகை அடுப்பில் போட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நீ எழுதினது பஸ்காவுக்குப் பிறகு. அது எனக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே காரியம் நடந்துவிட்டது.

கொடியை எண்ண வந்தவன் ரோமக்காரன், கூட ஒரு சீரியாக்காரன் மொழிபெயர்க்க. ஊரில் ஒவ்வொரு தோட்டமாக எண்ணி, பிடுங்கினதை ஓரமாகக் குவித்துப் போட்டிருந்தார்கள், எல்லார் வீட்டு அடுப்பிலும் கொடிக்கட்டைதான் எரிந்துகொண்டிருந்தது. நம் வீட்டு முன்னால் மட்டும் தோல் உரித்த அத்திக்கட்டை, ஒரே நீளம், ஒரு புழுத்துளை இல்லாமல் சுவரோரம் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அவன் நின்றுவிட்டான். இது யாருடையது, ஏன் எரிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று சீரியாக்காரன் கேட்டிருக்கிறான். நான் அத்தித்தோட்டத்தில் இருந்தேன், உன் அம்மா கிணற்றடியில். பக்கத்து வீட்டுத் திர்சாள் இருந்தாள். அவள்தான் உனக்குத் தெரியுமே, நம் வீட்டுப் பெருமையை நம்மைவிட அவள்தான் அதிகமாகப் பேசுவாள். "அது தாவீது வீட்டு வெறகு ஐயா. சும்மா அடுப்புல வைக்கிற வெறகு இல்ல. தம்மூஸ் இருபதாம் நாள் ஆலயத்துக்கு வெறகு கொண்டுபோற முறை இவங்களோடது. ராஜா வந்து பலிபீடத்தத் திரும்பக் கட்டினதும் மொதல்ல ஏறப்போறது இந்தக் கட்டைதான்" என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். கேட்டவனுக்கு நம் ஆலயத்தின் மேல் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தாளாம். பிறகு விஷயம் தெரிந்து, தினம் காலையில் ஒரு கிண்ணம் பருப்போடு வந்து வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். உன் அம்மா, "பருப்ப வச்சுட்டுப் போடி, அழுகைய நிறுத்தாட்டியும் பரவால்ல, வாய நிறுத்து" என்கிறாள், ஆனால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கிண்ணமாகக் கொடுப்பதில்லை.

அன்று சாயங்காலமே ஆள் வந்தான். ஏரோதின் மலைக்கோட்டைக்குப் பெரிய அதிகாரி வருகிறாராம், நான் அங்கே போய் நின்று, எந்த வீடு, அந்த வீட்டில் எண்ணப்பட்டவர்கள் யார் யார், இன்று உயிரோடு இருப்பது யார் என்று சத்தியம் பண்ணிச் சொல்லவேண்டுமாம். எந்த நாள் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிச் சொன்னான், பார்த்தால் தம்மூஸ் இருபது. உன் அம்மா, "வேற நாளே கெடைக்கலையா அவங்களுக்கு" என்றாள். எனக்கு அது நல்லதாகவே பட்டது. அன்று எப்படியும் நான் நடக்கவேண்டியவன்தானே.

மறுநாள் மூப்பர் நாலைந்து பேரோடு களத்துமேட்டுக்கு என்னைக் கூப்பிட்டார், அவர் பெயரும் வேண்டாம். "அக்கூப்பு, பேசாம சிமியோன் கோத்திரம்னு சொல்லிடு. நாங்க நாலு பேரு சாட்சிக்கு நிக்கிறோம். அந்தப் பொம்பள வாய்க்கொழுப்புல ஒளறிட்டான்னு சொல்லிக்கலாம்" என்றார். சத்தியம் பண்ணி எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "ரோமக்காரன் முன்னாடி பண்ற சத்தியம் ஆண்டவர் கணக்குல வராதுய்யா" என்றார். யார் முன்னால் பண்ணினாலும் பெயர் அவருடைய பெயர்தானே என்றேன். அப்போது ஒருத்தன், "ஒன் வீம்புக்கு ஊர ஏன் கூட்டிட்டுப் போற" என்றான். அது எனக்குத் தைத்தது, அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் விறகு முழுவதையும் ஊருக்கு வெளியே நம் அத்தித்தோட்டத்துக்கு நானே சுமந்து கொண்டுபோய் வைத்துவிட்டேன், ஆறு நடை ஆயிற்று. கோட்டையிலும் என் வீட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவேன், ஊரைப் பற்றி ஒரு வார்த்தை வராது என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். மூப்பர் தலையில் கை வைத்துக்கொண்டு, "பலிபீடமே இல்ல, அதுக்கு வெறகு சொமந்து சாவேன்ங்கிறான்" என்றார். உன் அம்மாவும் அன்று ராத்திரி கஞ்சி ஊற்றும்போது அதையேதான் வேறு மாதிரி சொன்னாள். "இருவத்திரண்டு வருஷமா புழு விழுந்து ஆண்டவர் வேண்டாம்னு தள்ளினதத்தான் என் அடுப்புல எரிக்கிறேன். நல்ல கட்டைய ஒருநாளும் எரிச்சுப் பாத்ததில்ல. ஒங்கள மட்டும் எதுக்குப் புழு விழாம வச்சிருந்தேன்" என்றாள். கஞ்சியைக் குடித்தேன்.

யூஸ்து செய்ததைச் சொல்லவேண்டும். இதை எழுத அவன் கூச்சப்படுகிறான், எழுதுடா என்றேன். அவனுக்கும் எனக்கும் உள்ள வழக்கு உனக்குத் தெரியும். நம் விறகைப் பார்க்கும்போதெல்லாம், "ராஜா வந்தாச்சு மாமா. பலியும் அவரோட முடிஞ்சுது. நீங்க இன்னும் கட்டையத் தோல் உரிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்பான். வந்த ராஜா ரோமக்காரனை ஏனடா விட்டுவிட்டுப் போனான் என்பேன். "திரும்பி வருவார்" என்பான். அப்படியென்றால் நீயும் காத்திருப்பவன்தான், நானும் காத்திருப்பவன்தான், எனக்குக் கட்டையாவது இருக்கிறது, உனக்கு என்ன இருக்கிறது என்பேன். பக்கத்தில் பெத்லகேமில் தாவீது வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் என் தாத்தாவுக்குச் சொல்லி அனுப்பாமல் இருப்பார்களா, நம் சொந்தக்காரர்கள் ஒரு பிள்ளை பிறந்தால் எண்ணெய்க்கும் மாவுக்கும் முதலில் இங்கேதானே வருவார்கள் என்று கேட்டால், "மேய்ப்பருங்களுக்குச் சொல்லிவிட்டாங்க மாமா. ஒங்க வீட்டுல அன்னைக்கு எல்லாருக்கும் நல்ல தூக்கம்" என்பான். இப்படியே பதினைந்து வருஷமாக ஓட்டுகிறோம். மூப்பர் சாட்சிக்கு ஆள் சேர்த்தபோது இவனையும் கூப்பிட்டார், எழுதத் தெரிந்தவன் சொன்னால் எடுபடும் என்று. இவன் மாட்டேன் என்றுவிட்டான். "மாமா தாவீது வீடு இல்லன்னு நான் சத்தியம் பண்ணினா, எங்க ஆண்டவர் வந்த வீட்டையே இல்லன்னு சொன்ன மாதிரி. அத நான் செய்யமாட்டேன். மாமா ராஜாவுக்காகக் காத்திருக்கிறது தப்புன்னு அவருகிட்ட சண்ட போடுவேன், ரோமக்காரன்கிட்டப் போய் அவர விட்டுக்குடுக்க மாட்டேன்" என்று களத்துமேட்டில் எல்லார் முன்னாலும் சொன்னான். அன்றிலிருந்து அவனோடு வழக்குப் பேச எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் பேசுகிறேன். நாளை மறுநாள் அவனும் என்னோடு கோட்டைக்கு வருகிறான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மகனே, நீ பயந்து எழுதியிருக்கிறாய், பயப்படாதே என்று நான் சொல்லப்போவதில்லை, பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் போவேன். ஏன் என்று யாரும் எனக்காகச் சொல்லக்கூடாது, நானே சொல்கிறேன். வெட்டிப்போட்ட மரத்தின் அடியிலிருந்து ஒரு தளிர் வரும், அவர் கண்ணுக்குப் பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார், ஏழைக்கு நியாயம் செய்வார் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். அவர் என் நாளில் வருவாரா, உன் மகன் நாளில் வருவாரா, யூஸ்து சொல்கிறபடி வந்துவிட்டுப் போனாரா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்று. என்றைக்காவது அவர் வந்து, என் வீட்டார் யார் என்று கேட்டால், தம்மூஸ் மாதத்தில் ஒரு மத்தியானம் பயந்துபோய் அப்படி ஒரு வீடே இல்லை என்று அக்கூப் சத்தியம் பண்ணிவிட்டான் என்று யாரும் அவருக்குச் சொல்லும்படி விடமாட்டேன். அவ்வளவுதான். இருபதாம் நாள் விடிந்ததும் ஒரு கட்டு விறகைத் தோளில் வைத்து, வருஷா வருஷம் போகிற மேட்டுக்குப் போவேன். அங்கிருந்து பார்த்தால் ஆலயம் இருந்த மலை தெரியும். கட்டை இறக்கி வைத்துச் சொல்லவேண்டியதைச் சொல்வேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டுப் போக நேரம் இருக்காது, அதனால் கட்டோடேயே கோட்டைக்குப் போவேன். இது என்ன என்று கேட்டால் சொல்வேன்.

இப்போது உன் பெயர் விஷயம். கடிதத்தின் கடைசியில், என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் அப்பா, சின்னவன் இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். யூஸ்து அதை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதை எழுத உனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், வெட்கப்படாதே, தகப்பன் ஆனவன் அப்படித்தான் எழுதுவான். கேள். உனக்குப் பன்னிரண்டு வயதில் முதல்முறை என்னோடு மேட்டுக்கு விறகு சுமந்துவந்தாய், தோள் உரிந்துபோயிருந்தது, திரும்பி வரும்போது, "இனிமே பேர் சொல்லும்போது என் பேரையும் சொல்வீங்களாப்பா" என்று கேட்டாய். நான் மாட்டேன் என்றேன். பலிபீடத்தடிக்குச் சுமந்துபோய், ஆசாரியர் ஒவ்வொரு கட்டையாகப் புழு பார்த்து எடுத்துக்கொண்ட பிறகுதான் நம் வீட்டில் ஒருவன் பெயர் எண்ணிக்கையில் ஏறும், அதுதான் முறை, உன் பெரியப்பா பெயர் ஏறினதும் அப்படித்தான், என் பெயர் ஏறினதும் அப்படித்தான், மேட்டுக்குச் சுமந்தது அதில் சேராது என்றேன். நீ நாலு நாள் என்னோடு பேசவில்லை. உன் அம்மா, "பச்சப்புள்ள தோளப் பாத்தீங்களா" என்று ஏசினாள். நீ பட்டணத்துக்குப் போனதற்கும் அது ஒரு காரணம் என்று நான் பிறகு நினைத்ததுண்டு. அந்தப் பிடிவாதம் இன்று உனக்குக் காவலாக நிற்கிறது. நம் வீட்டில் எண்ணப்பட்டவர்கள் யார் என்று சத்தியத்தின் மேல் கேட்டால், உன் பெயரை விட்டுச் சொல்வது பொய் இல்லை, அதில் நீ ஒருநாளும் இருந்ததில்லை. ஆலயம் எரியும்போது நீ அம்மா வயிற்றில் இருந்தாய். இதை முன்யோசனையோடு செய்தேன் என்று சொல்லமாட்டேன், அன்று நான் உன் தோளைப் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள். எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று நேராகவே கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன். பொய்ச் சத்தியம்தான் கூடாது, பேசாமல் இருக்கலாம். அடித்தால் அடிக்கட்டும், இந்த வயதில் என்னிடமிருந்து அவர்கள் அடித்து எடுக்க அதிகம் இல்லை.

தாவீது தொடங்கி என் தாத்தா வரை உள்ள பெயர்களை மூன்று நாளாக யூஸ்துவுக்கு வாய்ப்பாடம் ஆக்கிக்கொண்டிருக்கிறேன், நான் திரும்பாவிட்டால் பெயர்கள் என்னோடு போய்விடக்கூடாது. தடவைக்கு ஒரு அரசனைத் தவறவிடுகிறான், விட்டால் முதலிலிருந்து சொல்லவைக்கிறேன். "மேல்பாதி எங்க ஆண்டவரோட வம்சக் கணக்கும் இதுதான் மாமா" என்று நேற்று மதில் இடிந்த நாள் உபவாசப் பசியிலும் சிரித்தான். நீ பிறகு அவனிடம் கேட்டு வாங்கிக்கொள். எழுதிவைக்காதே, நாக்கில் வை.

உன் அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதச் சொன்னால், கவலைப்படச் சொல்லி எழுதுங்கள் என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. நேற்று முழுவதும் போகாதீர்கள் என்றவள் இன்று காலையில் என் மேலங்கியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அத்திப்பழ அடை இரண்டு கட்டிவைத்திருக்கிறாள், ஒன்று எனக்கு, ஒன்று யூஸ்துவுக்கு. "ராஜா வீட்டு ஆளா போறவரு கந்தலோட போகவேண்டாம்" என்கிறாள். நான் வராவிட்டால் அத்தி பறிப்பு முடிந்ததும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ, வரமாட்டேன் என்பாள், நொண்டிக்குட்டியையும் சேர்த்துக் கூப்பிடு, வருவாள். அக்கம்பக்கத்துக் கிரேக்கர்களோடு வாய்ச்சண்டைக்குப் போகாதே. பட்டறையில் வாயைத் துணியால் கட்டிக்கொள். சின்னவனுக்கு நடக்கத் தெரிந்ததும் அத்திக்கட்டை எது, கொடிக்கட்டை எது என்று தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடு, மற்றது தானாக வரும். ஆபிரகாமின் தேவன் உன்னையும் உன் வீட்டுக்காரியையும் காப்பாராக, என் கண் காணாத அந்தப் பிள்ளையின் தலைமேல் அவருடைய கை இருப்பதாக, அவன் பெயர் அவருக்குத் தெரியும், அது போதும்.

நாளை மறுநாள் கோட்டையில் நான் சொல்லப்போவதை நீ பிறர் வாயால் கேட்கவேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆலயம் எரிவதற்கு முந்தின வருஷம், தம்மூஸ் இருபதாம் நாள், கடைசியாகப் பலிபீடத்துக்கு விறகு சுமந்த தாவீது வீட்டார் ஏழு பேர். என் அப்பா எலியோனாய், வனாந்தரக் குகையில் பசியால் இறந்தார், மூடின கல் நான் வைத்தது. அவர் தம்பி தெலாயா, நகரத்துக்குள் மாட்டிக்கொண்டு மதிலடியில் இறந்தார். தெலாயாவின் மூத்த மகன் பெலாயா எகிப்துச் சுரங்கத்தில் இறந்தான், புதைத்தவனே வந்து சொன்னான். அவன் தம்பி ஓதாயாவைச் செசரியாவில் மிருகங்களுக்குப் போட்டார்கள். என் அண்ணன் எலியாசிப், ஒரு கை இல்லாமல் திரும்பி வந்து ஒன்பது வருஷம் இருந்து காய்ச்சலில் போனார், நீ அவர் மடியில் வளர்ந்தாய். மத்தத்தா, என் தாத்தாவின் தம்பி மகன், போன குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஏழாவது, எலியோனாயின் மகன், தெக்கோவா ஊர், அத்தி பயிரிடுகிறவன், உயிரோடு இருக்கிறான்,

அக்கூப்.